எங்கள் நிலத்தில் எழாத மதில்

செபு நகரம்
நவம்பர் 3, 2013

மதில் மகாராணி ரூஃபா அவர்களின் சமூகத்துக்கு,

உன் சித்தப்பா மகன் செல்சோ உயிரோடுதான் இருக்கிறான். நீ கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

பத்து நாளைக்கு முன்பு, நான் தங்கியிருக்கும் வீட்டுச் சித்தி செய்தித்தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஏன்டா, இது உங்க ரூஃபா இல்ல?" நீதான். ஏதோ ஆராய்ச்சியாளர் தொப்பியை மாட்டிக்கொண்டு, பூமிக்குள்ளிருந்து கிளம்பி வந்த பாறை மதில் மேல், அதை நீயே பெற்று வளர்த்தவள் மாதிரி இடுப்பில் கை வைத்து நிற்கிறாய். அந்தப் படத்தின் ஓரத்தில் மங்கலாக ஒரு தென்னை தெரிகிறதே, அது எங்கள் தென்னை. எங்கள் எல்லை! மதிலுக்கும் அதற்கும் நடுவே எத்தனை தூரம் என்று அப்பாவை அளந்து எழுதச் சொன்னேன். பதினோரு மீட்டராம். பூமி தூக்கத்தில் இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் புரண்டு படுத்திருந்தால் அந்தத் தொப்பி என் தலையில் இருந்திருக்கும்.

ஜூன் மாதம் என்னைப் படிக்க இங்கே அனுப்பினார்கள். அக்டோபரில் ஊரில் மதில் முளைக்கிறது. பதினைந்து வருடம் அந்த மண்ணில் உருண்டேன், ஒரு செங்கல் உயரம்கூட எழுந்து காட்டவில்லை. நிலநடுக்கம் வந்த அன்று காலை செபுவும் ஆடியது, தெரியுமா? தலையில் சோப்பு நுரையோடு தெருவில் நின்றேன். உனக்குப் பாறை, எனக்கு நுரை. பாறை உனக்கு, பொறாமை எனக்கு.

ஏன் கடிதம் என்று கேட்பாய். போன வாரம் சித்தி வீட்டை ஒட்டிய விடுதியில் பையன்கள் தூங்கும்போது இரும்புக் கட்டிலைப் பிடித்து ஆட்டி "நிலநடுக்கம்!" என்று கத்தினேன். பன்னிரண்டு பேர் ஜட்டியோடு தெருவுக்கு ஓடினார்கள். பதின்மூன்றாவதாக விடுதிக்காரர் ஓடினார். சித்தி என் போனைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டிவிட்டாள். உன் போனோ இடிந்த வீட்டுச் சுவருக்கு அடியில். ஆகவே போஹோல் கப்பலில் கேன்டீன் நடத்தும் பெர்டிங் மாமாதான் இனி நம் தபால்காரர்.

பதில் எழுத நேரமிருந்தால் எழுது. ரசிகர்கள் நெருக்கினால் வேண்டாம்.

செல்சோ


பனாக்தான், போஹோல்
நவம்பர் 17, 2013

டேய் செல்சோ,

உன் கடிதம் நூடுல்ஸ் வாசனையோடு வந்து சேர்ந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கட்டிலை ஆட்டிய இடத்தில் அவள் சிரிக்கவில்லை. இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். பின்னதிர்ச்சி எண்ணுவதை நூறோடு நிறுத்திவிட்டோம்.

நாங்கள் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிறோம். மேலே நீலம், கீழே சேறு. வீடு விழுந்தபோது பரணில் இருந்த ஊபிக் கிழங்குகள் முற்றம் முழுக்க உருண்டன. சுவர் விழுந்துகொண்டிருக்கிறது, அம்மா ஒவ்வொரு கிழங்காகப் பொறுக்கி முத்தமிட்டு மடியில் போடுகிறாள். கீழே விழுந்த ஊபியை முத்தமிடாமல் எடுத்தால் அடுத்த வருடம் விளையாதே! அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடக் கூரை நம் வகுப்பு பெஞ்சுகள் மேல் அப்படியே கிடக்கிறது. அன்று விடுமுறை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

தொப்பி என்னுடையது இல்லை. மணிலாவிலிருந்து வந்த அல்மிரா மேடத்துடையது. அவர் பாறை படிப்பவர். எனக்குச் சொல்லிக் கொடுத்ததை நான் மதில் பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். உனக்கும் சொல்கிறேன், கேள். கிழக்கே கடலுக்கடியில் ஒரு பெரிய பாறைத் தட்டு, மேற்கே இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நெருக்குகின்றன. நடுவில் நம் தீவுகள், ஜீப்னி வண்டியில் இரண்டு குண்டு ஆசாமிகளுக்கு இடையே மாட்டிக்கொண்ட ஒல்லிப் பையன் மாதிரி. தட்டு நகர்வது நகம் வளரும் வேகத்தில்தான். ஆனால் பிளவில் பாறையைப் பாறை பிடித்துக்கொண்டு விடாது. நகர வேண்டியது நகராமல் வருடக்கணக்காக உள்ளேயே சேரும். ஒருநாள் பிடி விட்டுப்போகும். அக்டோபர் பதினைந்து காலை எட்டு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு விட்டது. நம் நிலத்தின் ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் ஏறிக்கொண்டது. ஏறிய விளிம்புதான் மதில். இப்படி ஒரு பிளவு இங்கே இருப்பது எந்த வரைபடத்திலும் இல்லையாம்.

மதில் வாழைத் தோட்டத்தில் ஒன்றரை ஆள் உயரம். போகப் போக இடுப்பு, முழங்கால், பிறகு ஒன்றுமே இல்லை. ஆனால் பிளவு மண்ணுக்கடியில் தொடர்கிறது. மழையில் வெடிப்பு மூடிவிட்டதால் மேடம் கருவி வைத்துப் பார்த்து ஏழு முளைக்குச்சிகள் அடித்து, தலையில் சிவப்புப் பூசியிருக்கிறார். "இதுக்கு ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு மீட்டர் யாரும் வீடு கட்டக்கூடாது. குலுக்கலை மூங்கில் வீடு தாங்கும். ஆனா காலுக்கடியில பூமியே ரெண்டா விலகினா எதுவும் தாங்காது" என்றார்.

பிப்ரவரியில் அவர் மாணவர்களோடு திரும்பி வருகிறார். அவர்களுக்கு நான்தான் பிளவை நடந்து காட்ட வேண்டும். சரியாகச் செய்தால் ஏப்ரலில் என்னை ஒரு மாதம் மணிலாவுக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுப்பாராம். யாரிடமும் சொல்லாதே.

உனக்குப் பொறாமையா? உன் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது. ஐஸ் போட்டுத் தண்ணீர் குடிக்கிறாய். மதிலை நீ எடுத்துக்கொள். கூரையை எனக்குக் கொடு.

ரூஃபா


செபு நகரம்
டிசம்பர் 1, 2013

பேராசிரியர் ரூஃபா அம்மையாருக்கு,

பூமிக்குத் தட்டு, உனக்குக் கைதட்டு. எனக்கு? சித்தி வீட்டில் காலித் தட்டு.

மணிலாவா! நான் செபு வந்ததற்கே ஊரில் பன்றி அடித்து விருந்து வைத்தார்கள். நீ மணிலா போனால் என்னை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? பள்ளியில் நிலநடுக்கம் பற்றிப் பாடம் நடந்தது. "அந்த மதில் எங்கள் ஊரில்" என்றேன். "உங்கள் நிலத்திலா?" என்று கேட்டார் ஆசிரியர். "கிட்டத்தட்ட" என்றேன். வகுப்பே சிரித்தது. இப்போது என் பெயர் செல்சோ இல்லை. கிட்டத்தட்ட.

"டேய் கிட்டத்தட்ட, பேனா இருக்கா?"

"இருக்கு."

"முழுசாவா, கிட்டத்தட்டவா?"

இதற்கெல்லாம் காரணம் நீ. இல்லை, அந்தப் பதினோரு மீட்டர்.

இருபதாம் தேதி கப்பலில் வருகிறேன். உன் மதிலை நானும் பார்க்கிறேன். கையெழுத்து கிடைக்குமா, மதிலிடமிருந்து?

செல்சோ (கிட்டத்தட்ட)


பனாக்தான்
ஜனவரி 6, 2014

செல்சோ,

உன்னைச் சேற்றில் தள்ளியது தப்புதான் என்று எழுதச் சொல்லி அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தப்புதான்.

அம்மா எழுந்து போய்விட்டாள். தப்பே இல்லை.

தக்பிலாரன் நகரத்திலிருந்து முப்பது பேர் மதில் பார்க்க வந்திருந்தார்கள். நான் பேசிக்கொண்டிருக்கிறேன். மதில் மேல் ஏறி நின்று என்ன சொன்னாய்? "இவ சொல்றத நம்பாதீங்கய்யா! இது எங்கப்பா போன வருஷம் கட்டின மதில், இன்னும் சிமெண்டே காயல!" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், நீ அதோடு நிறுத்தியிருந்தால். "வீடு விழுந்ததும் இவளுக்குத்தான் அதிர்ஷ்டம், இல்லன்னா இவளை யாரு பாப்பாங்க?" என்றாய். அப்போதுதான் தள்ளினேன்.

அதற்கப்புறம் நீ என்னோடு பேசவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய விடியல் பூசைக்கு ஊரே கூடாரக் கோயிலில் நின்றது. உனக்கு மட்டும் வயிற்றுவலி. சித்தப்பா ரொம்ப வருத்தப்பட்டார். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

நீ சண்டை போட மாட்டாய், செல்சோ. சிரித்துக்கொண்டே உள்ளே சேர்த்து வைப்பாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் பள்ளியில் பரிசு வாங்கிய அன்று என்னைத் தூக்கி வைத்து ஆடினாய். ஒரு வாரம் கழித்து என் செருப்புக்குள் தவளை.

மேடம் பிப்ரவரி பதினெட்டாம் தேதி வருகிறார்.

ரூஃபா


செபு நகரம்
ஜனவரி 15, 2014

ரூஃபா,

தவளை தானாகப் போய் உட்கார்ந்தது என்று இன்றும் சொல்வேன்.

அதிர்ஷ்டம் என்று சொன்னது தப்பு. அது வாயில் வந்துவிட்டது. மற்றதெல்லாம் நல்ல நகைச்சுவை.

மேடம் வரும்போது நீ அந்த முளைகளைக் காட்டித்தான் பேசுவாயா, மனப்பாடமாகவா? சும்மாதான் கேட்கிறேன். ரொம்ப நிச்சயமாகப் பேசாதே. பெரிய படிப்பு படித்தவர்கள் நடுவில் கேள்வி கேட்பார்கள், நீ திருதிருவென்று விழிப்பாய், பாவமாக இருக்கும். எனக்குப் பாவமாக இருக்குமா என்பது வேறு விஷயம்.

இங்கே எல்லாரும் நலம். கிட்டத்தட்ட.

செல்சோ


பனாக்தான்
பிப்ரவரி 2, 2014

செல்சோ!

எங்களுக்கு வீடு வருகிறது! மரக்கால், மூங்கில் சுவர், ஓலைக் கூரை. மரம் நிவாரணக்காரர்கள் கொடுத்தார்கள். ஓலை ஊரார் பின்னிக் கொடுத்தார்கள். உன் அப்பா தினமும் உளியோடு வந்துவிடுகிறார்.

இடம் நான்தான் பார்த்தேன். கொய்யா மரத்துக்குப் பக்கத்தில், சமதரையாக இருக்குமே, அங்கே. கடைசி நான்கு முளைகளிலிருந்து மீட்டர் கயிறு பிடித்து ஐந்து அளந்தேன். பயத்துக்கு மேலும் இரண்டு சேர்த்துக்கொண்டேன். அப்பா, "மகளே, அந்த வெடிப்பு கொய்யா மரத்தடியிலதானே போச்சு?" என்றார். எனக்கும் அப்படித்தான் ஞாபகம். ஆனால் முளைகள் ஓடைப் பக்கம் தள்ளி நிற்கின்றன. அந்த நாட்களில் எனக்குப் பாதிப் புத்திதான் இருந்தது. "அப்பா, மேடம் கருவி வச்சு அடிச்சது. நம்ம கண்ணைவிட அது சரி" என்றேன். அப்பா ஒத்துக்கொண்டார். வருகிறவர்களிடம் இத்தனை நாளாகத் தவறாகக் காட்டியிருக்கிறேனே என்று வெட்கமாகிவிட்டது. இப்போது திருத்திச் சொல்கிறேன்.

அங்கே மண் என்னமாய் இளகிக் கிடக்கிறது தெரியுமா? சமையலறைப் பக்கத்து இரண்டு குழிகள் அரை மணியில் முடிந்தன. கால் நடுமுன் எல்லாக் குழியிலும் சேவல் ரத்தம் விட்டாயிற்று. கண்ணுக்குத் தெரியாத மண்ணின் உரிமையாளர்கள் இனி எங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று அம்மா நிம்மதியாக இருக்கிறாள். பதினைந்தாம் தேதி சனிக்கிழமை குடிபோகிறோம். நான்கு மாதத்துக்குப் பிறகு தரையில் படுக்காமல் பலகையில் படுக்கப் போகிறேன்.

உன்மேல் கோபமெல்லாம் போய்விட்டது. வீடு வந்தால் மனசும் பெரிதாகும் போலிருக்கிறது.

ரூஃபா


செபு நகரம்
பிப்ரவரி 5, 2014

ரூஃபா,

அந்த இடம் வேண்டாம். கொய்யா மரத்தில் கண்ணுக்குத் தெரியாதவர்கள் குடியிருக்கிறார்கள் என்று சின்ன வயதில் கேள்விப்பட்டிருக்கிறேன். போன மாதம் கனவில்கூட வந்தார்கள். ஒருவருக்குப் பல் இல்லை. "எங்க வாசல்ல யாருடா வீடு கட்டறது?" என்று கேட்டார்.

பெரியம்மாவிடம் சொல். எங்கள் தென்னைப் பக்கம் கட்டிக்கொள்ளுங்கள், அப்பா இடம் தருவார். அங்கே காற்று வரும். தேங்காய் தலையில் விழும், அதைச் சமாளிக்கலாம்.

குடிபோவதைத் தள்ளிப்போடு.

செல்சோ


பனாக்தான்
பிப்ரவரி 9, 2014

செல்சோ,

இதுவும் உனக்குப் பொறுக்கவில்லையா?

மதில் வந்தது, பொறுக்கவில்லை. படம் வந்தது, பொறுக்கவில்லை. மணிலா என்றேன், அதுவும் பொறுக்கவில்லை. சரி, அதெல்லாம் ஆடம்பரம். ஒரு கூரை! அதற்குமா பல் இல்லாதவரைக் கனவில் அனுப்புகிறாய்? அம்மா இதையெல்லாம் நம்புகிறவள், தெரிந்துதானே எழுதினாய்? அவளிடம் காட்டவில்லை.

சனிக்கிழமை குடிபோகிறோம். இனி எனக்கு எழுதாதே.

ரூஃபா


செபு நகரம்
பிப்ரவரி 11, 2014

ரூஃபா,

இதைக் கிழித்துப் போடுமுன் முழுதும் படித்துவிடு. பெர்டிங் மாமாவிடம் உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். "என்னடா, காதல் கடிதமா?" என்றார். "இல்ல மாமா, வேற" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் கேட்கவில்லை.

கடைசி நான்கு முளைகளை நான் பிடுங்கி ஓடைப் பக்கம் நட்டேன். வயிற்றுவலி என்று சொன்ன அன்று, நீங்கள் எல்லாரும் பூசையில் இருந்தபோது. ஒவ்வொன்றையும் பதினைந்து காலடி தள்ளி வைத்தேன். பழைய குழிகளை மண் போட்டு மிதித்து, மேலே புல்லைப் பெயர்த்து வைத்தேன். மேடமும் மாணவர்களும் வரும்போது நீ தப்பான இடத்தைக் காட்டி அசடு வழிய வேண்டும், மணிலா போகக்கூடாது. அவ்வளவுதான் நினைத்தேன். யாராவது அதைப் பார்த்து வீடு கட்டுவார்கள் என்று தோன்றவே இல்லை. திருப்பி வைக்க நாலு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கம் போனேன். நீ தொப்பியோடு நின்றாய். வைக்கவில்லை.

உன் அப்பா சொன்னதுதான் சரி. மண் ஏன் இளகியிருக்கிறது? அது வெடிப்புக்குள் மழை கொண்டுவந்து கொட்டிய மண். உங்கள் சமையலறை பிளவின் மேல் நிற்கிறது, ரூஃபா.

பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன். கொய்யா மரத்திலிருந்து, ஓடைக் கல்லிலிருந்து, எங்கள் தென்னையிலிருந்து எத்தனை காலடி என்று நான்கு பழைய குழிகளுக்கும் எழுதியிருக்கிறேன். பிடுங்குமுன் எண்ணினேன். எதற்கு எண்ணினேன் என்று எனக்கே தெரியவில்லை.

நான் அனுப்பிய கனவு பொய். இது பொய் இல்லை. பொய்யும் மெய்யும் என் வாயில் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று உனக்குத் தெரியும், அதுதான் பயமாக இருக்கிறது. நம்பவில்லை என்றால் தோண்டிப் பார். எல்லாரிடமும் சொல். என் அப்பாவிடமும். குடிபோகாதே.

செல்சோ


பனாக்தான்
பிப்ரவரி 24, 2014

செல்சோ,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முதலில் இதுவும் உன் குறும்பு என்றுதான் நினைத்தேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உன் படத்தோடு போனேன். முதல் குழி நீ சொன்ன இடத்தில் இருந்தது. புல் காய்ந்து சதுரமாக நின்றது. இரண்டாவது குழியைத் தேடவே இல்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை நாங்கள் குடிபோகவில்லை. ஆனால் வீட்டைப் பிரிக்க அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "ரத்தம் விட்டாச்சு. இனிமே காலைப் பிடுங்கினா மண்ணுக்காரங்க சும்மா விடுவாங்களா?" என்றாள். மூன்று நாள் வீட்டு வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தாள், உள்ளேயும் போகாமல், பிரிக்கவும் விடாமல்.

செவ்வாய்க்கிழமை மேடம் வந்தார். நான் முளைகளைக் காட்டி அழகாகப் பேச வேண்டிய நாள். மாணவர்கள் முன்னால் உன் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். சமையலறைக்கு வெளியே ஆள் ஆழத்துக்கு ஒரு பள்ளம் தோண்டச் சொன்னார். கறுப்பு மண், மஞ்சள் மண், சரளை என்று அடுக்கடுக்காக வந்த கோடுகள் ஓரிடத்தில் வெட்டுப்பட்டு, மறுபக்கம் ஒரு முழ உயரத்துக்கு மேலே ஏறி நின்றன. அந்த வெட்டு நேராக அடுப்புப் பக்கம் போயிற்று. அம்மா எட்டிப் பார்த்தாள். "இதுக்கு மேலயா சோறாக்கியிருப்பேன்?" என்றாள். எழுந்து பாயைச் சுருட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஊர் கூடிற்று. கால்களைச் சுற்றித் தோண்டி, தரைக்கடியில் மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, இருபத்தாறு பேர் வீட்டைத் தோளில் தூக்கினார்கள். வீடு நடந்து போவதை நீ பார்த்திருக்க வேண்டும். ஆமாம், உனக்குப் பொறாமையாக இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். "வலது கால் முதல்ல! டேய், உன் வலது எதுடா?" என்று ஒருவர் கத்த, வீடு முழுக்கச் சிரித்துக்கொண்டே போயிற்று. இப்போது உங்கள் தென்னைப் பக்கம் நிற்கிறது. புதுக் குழிகளுக்கு இன்னொரு சேவல். அதை உன் அப்பா கொடுத்தார்.

அவரிடம் நானேதான் படித்துக் காட்டினேன். வீட்டைத் தூக்கும்போது பின்பக்க மூலையை, பாரம் அதிகமான இடத்தை, அவர் தோளில் வாங்கிக்கொண்டார். தோல் உரிந்துவிட்டது. அவரிடம் நீதான் பேச வேண்டும். நான் நடுவில் வர மாட்டேன்.

இதை எழுதவே பிடிக்கவில்லை. மேடம் உன் படத்தைப் பள்ளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "இந்தப் பையன் காலடியாலேயே ஒரு சாண் வித்தியாசத்துக்குள்ள அளந்திருக்கானே! யாரு இவன்?" என்றார். "முளையைப் பிடுங்கினவன்" என்றேன். "அது சரி, ஆனா..." என்று அந்தக் காகிதத்தைத் தன் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டார். நான்கு மாதம் அவருக்காக வெயிலில் நின்றேன், செல்சோ. என்னுடையது ஒன்றுகூட அந்த நோட்டில் ஒட்டவில்லை. மணிலாவுக்கு நான்தான் போகிறேன். இருந்தும் வயிறு எரிகிறது. இத்தனை நாள் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. தெரிந்ததால் நீ செய்தது சரியாகிவிடாது.

நேற்று ஞாயிறு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஓர் அதிர்ச்சி வந்தது, கொஞ்சம் பெரிதுதான். ஓலை சலசலத்தது, தண்ணீர்ப் பானை கவிழ்ந்தது. அம்மா மீன் சட்டியைப் பிடித்துக்கொண்டாள், அப்பா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். நின்றதும் ஒருவரையொருவர் பார்த்தோம். அக்டோபருக்குப் பிறகு முதல் தடவையாக நாங்கள் யாரும் வெளியே ஓடவில்லை. அம்மா எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே.

ரூஃபா